எத்தனை வாற்று வேண்டும்?

சென்ற பாடசாலை விடுமுறையில், முன்பு என்னிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகம் படித்து இப்பொழுது தாமே ஆசிரியராகிவிட்ட இளைஞர் ஒருவர் வீடு தேடி வந்தார். குச்சவெளியில் மாலை வேளையிற் கடற்காற்று எழும்பிவிட்டால் வாசலில் இருந்து பேசுவது கடினம். ஆகவே உள்ளே அழைத்து அமர்த்தினேன். தேநீர் ஆறுமுன்னரே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டார்.

"சேர், ஒரு அம்பிளிபயர் எடுக்க வேணும். ஐம்பதினாயிரம் சேர்த்து வைச்சிருக்கிறன். அதுக்கு எத்தினை வாற்று எடுக்கலாம்?"

கேள்வியின் அமைப்பை வாசகர் கவனிக்க வேண்டும். "எது நல்லது?" என்று அவர் கேட்கவில்லை, "எத்தனை வாற்று?" என்றே கேட்டார். அரிசி வாங்கப் போகிறவன் கையிலுள்ள காசுக்கு எத்தனை கிலோ வரும் என்று கேட்பது போல! வாற்று என்றால் என்ன என்பதை அவருக்குக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நானே. பரீட்சையில் அதற்குரிய புள்ளியையும் அவர் வாங்கியிருக்கிறார். எனினும் கடைவாசலில் நின்றபோது பௌதிகம் அவரைக் கைவிட்டுவிட்டது. அன்று அவருடன் பேசியவற்றையும், பேசிய பின்னர் எனக்குள் எழுந்த சில எண்ணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். பாடநூலில் இக்கருவிக்கு விரியலாக்கி என்று பெயர். கடைக்காரர் அம்பிளிபயர் என்பார். ஊர்ப் பொடியன்கள் "செற்" என்று முடித்துக்கொள்வார்கள். நான் கடைக்காரருடன் சேர்ந்துகொள்கிறேன். வாங்கப் போகிற இடத்துச் சொல்லே வசதியானது. ஆனால் விரியலாக்கி என்ற சொல்லில் ஒரு நேர்மை இருக்கிறது. வந்த மின்சைகையை விரித்துக் கொடுப்பதே இதன் தொழில். இனிமையைப் புதிதாகச் சேர்ப்பது இதன் தொழிலன்று. இதை மறந்தவர்களே கடைகளில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

"எதற்காக வாங்குகிறீர்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு கசற்றை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய பாட்டனார் கூத்து அண்ணாவியார். 1982ஆம் ஆண்டில் ஒரு திருவிழா இரவில், மத்தளமும் சல்லரியும் சூழ அவர் பாடியதை யாரோ ஓர் உறவினர் பதிவு செய்திருக்கிறார். 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வீட்டிலிருந்த ஏடுகளும், உடுப்புகளும், கூத்து முடிகளும் போயின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மிஞ்சியிருந்த சுவரையும் கொண்டு போயிற்று. கசற் மாத்திரம் திருகோணமலைப் பட்டினத்தில் மாமியொருவரின் அலுமாரியில் இருந்தமையால் தப்பியது. அதனைக் கணினியிற் பிரதி பண்ணியாயிற்று. கைத்தொலைபேசியிற் போட்டுக் கேட்டால் கிழவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறதாம். தாயாருக்கு அக்குரல் விளங்கவில்லையாம். "இது அப்புவின்ர குரல் இல்லை" என்று சொல்லிவிட்டாராம்.

ஆகவே இது ஆடம்பரப் பொருள் வாங்கும் கதையன்று. ஒரு குரல் இன்னாருடையது என்று அவர் மகள் ஒப்புக்கொள்ளுமாறு செய்ய வேண்டும். கையிலிருப்பதோ ஓர் ஆசிரியர் மிச்சம் பிடித்த ஐம்பதினாயிரம் ரூபா. எத்தனை வாற்று வேண்டும்?

இக்கேள்விக்கு விடை காணுமுன், வாற்றின்மேல் நமக்கு ஏன் இத்தனை மோகம் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நம்மவர்களுக்கு அம்பிளிபயர் என்றால் முதலில் மனக்கண்ணில் தோன்றுவது கோயில் வீதியும் பனையுச்சியிற் கட்டிய புனல் வடிவ ஒலிபெருக்கியுமே. அக்கருவியை நான் இகழவில்லை. குறைந்த மின்வலுவிற் குரலை நெடுந்தூரம் கொண்டு செல்ல அதற்கு நிகர் வேறில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்து உழைக்கக்கூடியது. அறிவித்தலுக்கென்றே பிறந்த கருவி அது. அதை இசைக்குப் பயன்படுத்தியதில்தான் பிழை நேர்ந்தது. ஏறக்குறைய முந்நூறு மீடிறனுக்குக் கீழுள்ள ஒலியை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். அதன் விளைவு என்ன? தவிலின் வலந்தலை நம் காதைக் குத்துகிறது. தொப்பியோ இல்லாமற் போய்விடுகிறது. நாதசுரத்தின் கீழ்த்தாயியில் இருக்கும் கனம் போய்விடுகிறது. மேல்தாயியில் ஒரு கீச்சொலி சேர்ந்துகொள்கிறது. தவிலைப் பத்தடி தூரத்தில் நேரே நின்று கேளாமல், ஒலிபெருக்கி வழியாக மாத்திரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தவில் என்பது உண்மையில் எத்தகைய வாத்தியம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் அறிந்தது தவிலின் பாதியை.

இதன் மறுபக்கமாக, உரத்த சத்தமே நல்ல சத்தம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. 2007ஆம் ஆண்டில் நமது உயர் நீதிமன்றம், எந்த மதத்தவராயினும் இரவு பத்து மணி முதற் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைத்து அயலவர் உறக்கத்தைக் கெடுத்தலாகாது என்ற கருத்தில் ஒரு தீர்ப்பை வழங்கியது. அத்தீர்ப்பு நம் ஊர்களில் எத்துணைத் தூரம் கைக்கொள்ளப்படுகிறது என்பதை வாசகர்களே அறிவார்கள். எனக்குள்ள மனக்குறை இரைச்சல் மாத்திரமன்று. இரைச்சலுக்குப் பழகிய காது நுட்பத்தைக் கேளாது; ணகரத்தையும் நகரத்தையும் பிரித்து உச்சரிக்கக் கற்பிக்கிற தமிழாசிரியர்களுக்கு இது விளங்கும். பேச்சின் மெய்யொலிகள் தெளிவுறுவது ஏறக்குறைய ஆயிரம் முதல் நாலாயிரம் மீடிறன் வரையுள்ள பகுதியிலே. அப்பகுதியைக் கலக்கி அடித்துவிட்டு, கீழே "தும் தும்" என்று அதிர விடுவதே இன்று கடைகளிற் குவிந்திருக்கும் பெரும்பாலான பெட்டிகளின் இலட்சணம்.

ஒருகாலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. கொழும்பில் 1925ஆம் ஆண்டிலே ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் இலங்கை வானொலி என்ற பெயரும் அடுத்த ஆண்டில் வர்த்தக சேவையும் வந்தன. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்பதற்காகக் கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் மக்கள் வானொலிப் பெட்டியருகே காத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகளின் வலு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒற்றை வெளியீட்டு வால்வு வைத்த பெட்டியொன்று கொடுத்தது நாலு அல்லது ஐந்து வாற்று. அவ்வளவுதான். அந்த ஐந்து வாற்றில் அரை வாற்றைக்கூடப் பயன்படுத்தாமல் ஒரு வீடும், திண்ணையும், திண்ணையில் வந்து குந்திய அயலாரும் ஒருங்கே கேட்டார்கள். மரப்பெட்டி பெரிது, உள்ளே இருந்த கூம்பும் பெரிது, அறையோ அமைதியாக இருந்தது. அமைதி இலவசமாகக் கிடைத்த காலம் அது.

ஒலிபரப்புகிறவனுக்கு வலு வேண்டும், உண்மைதான். ஜெர்மானிய வானொலியார் 1980களில் நமது திருகோணமலையில் ஓர் அஞ்சல் நிலையம் அமைத்து, 250 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பிகளைக் கொண்டு பல நாடுகளுக்கு ஒலிபரப்பி வந்தார்கள். பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. அவ்வளவு வலுவை வானத்தில் எறிந்தது, எங்கோ ஓர் அறையில் ஒருவர் அரை வாற்றிற் கேட்பதற்காகவே. அனுப்புகிறவன் வேறு, கேட்கிறவன் வேறு என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

1947ஆம் ஆண்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவரும், விஞ்ஞானம் கற்று விஞ்ஞானம் கற்பித்தவருமான விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் அரங்கேறியது அவ்வாண்டிலே. அடிகள் மறைந்ததும் அவ்வாண்டிலே. நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டு மறைந்துபோன இசைக்கருவியொன்றை மீட்டெடுக்க அடிகள் முயன்ற அதே காலத்தில், இங்கிலாந்தில் வில்லியம்சன் என்ற பொறியியலாளர், "வயர்லெஸ் வேர்ல்ட்" சஞ்சிகையில் ஓர் அம்பிளிபயரின் சுற்று வரைபடத்தை வெளியிட்டார். அதன் வலு 15 வாற்று. திரிபோ நூற்றில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. உண்மை வழுவாத ஒலி என்று சொல்லப்படுவதற்கு அளவுகோலாக நெடுங்காலம் நின்றது அக்கருவி. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அவ்வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆயினும் காது ஏமாறக்கூடாது என்ற கவலை இருவருக்கும் பொதுவானது என்று எண்ணி நான் மகிழ்வதுண்டு.

முப்பத்தோராண்டுகள் கழித்து, 1978இல் நாட் நிறுவனத்தின் 3020 என்ற அம்பிளிபயர் வந்தது. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. சாமானியர் வாங்கக்கூடிய விலை. கறுத்த, அழகற்ற பெட்டி. அதன் வலு, பக்கத்துக்கு 20 வாற்று! அக்காலத்துக் கடைகளில் அதைவிடப் பன்மடங்கு வலுவைப் பறைசாற்றிய பளபளக்கும் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றுள் அநேகத்தை இன்று யாரும் நினைப்பதில்லை. 3020ஐ இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கென்றதும் தாளைப் புரட்டிவிடாதீர்கள். நாலாம் வகுப்புக் கணக்கே இது. சாதாரண ஒலிபெருக்கிப் பெட்டியொன்று, ஒரு வாற்றைக் கொடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 87 டெசிபல் ஒலியைத் தரும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில். வீட்டு அறையிற் பாட்டுக் கேட்பதற்கு 75 டெசிபல் என்பது தாராளம். அதற்கு ஒரு வாற்றிற் பத்திலொரு பங்கே போதும். மத்தளத்தில் ஓர் அடி விழும்போது ஒலி சட்டென்று எழும்புமல்லவா? அதற்காகப் பத்து மடங்கோ இருபது மடங்கோ இருப்பு வைத்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு வாற்றுக்கு மேற் போகாது. இருபது வாற்று வைத்திருப்பவன் செல்வந்தன்.

இருபதுக்குப் பதிலாக நாற்பது வாங்கினால் இருமடங்கு சத்தம் கேட்குமா? கேளாது. மூன்று டெசிபல் கூடும். அருகருகே வைத்து ஒப்பிட்டால் "சற்றுக் கூட" என்று சொல்லலாம். இருமடங்கு உரப்பாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் வலுவைப் பத்து மடங்காக்க வேண்டும். அதாவது இருநூறு வாற்று. நம் செவியை இறைவன் அவ்வாறு படைத்துவிட்டான். கடைக்காரர் இந்த உண்மையைச் சொல்லமாட்டார். சொன்னால் விலையுயர்ந்த பெட்டியை எவ்வாறு விற்பது?

சொல்லாமல் விடுவதாவது போகட்டும். சொல்வதிலும் பொய் இருக்கிறது. கைக்கடக்கமான பிளாத்திக்குப் பெட்டியில் "1000 வாற்று" என்று பெரிதாக அச்சிட்டு, அருகே சிறிய எழுத்தில் ஏதோ ஓர் ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டிருப்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு அக்கருவி தாங்கக்கூடும் என்று யாரோ ஒருவர் கற்பனை செய்த வலு அது. சுவரிலுள்ள மின்சாரத்திலிருந்து அப்பெட்டி இழுப்பது முப்பது வாற்றாக இருக்கும். முப்பதை வாங்கி ஆயிரத்தைக் கொடுக்கும் அட்சய பாத்திரம் நம் பௌதிகத்தில் இல்லை. இந்த அநியாயம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவிலும் இவ்வாறு நடந்தபடியாற்றான், 1974இல் அந்நாட்டு அரசு, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலுவையே விளம்பரத்தில் கூற வேண்டும் என்று விதி செய்தது. அவ்விதியை 2024இல் மேலும் இறுக்கியும் இருக்கிறது. ஆகவே பெட்டியின் முகப்பைப் பார்க்காமல், பின்புறத் தகட்டைப் பார்க்க வேண்டும். எத்தனை வோற்று, எத்தனை அம்பியர் உட்கொள்ளுகிறது என்பது அங்கே இருக்கும். பொய் சொல்லப் பழகியவர்களும் பின்புறத்தில் ஓரளவுக்கு உண்மையே எழுதுகிறார்கள்.

பின்புறத்தைப் பாராமல் நான் பட்ட பாடு ஒன்றுண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பொருள்களை விற்கும் ஒரு கடையில் அழகான அம்பிளிபயர் ஒன்றைக் கண்டேன். அலுமினிய முகப்பு, கனமோ பத்துக் கிலோவுக்குக் குறையாது. திருப்பினால் வெண்ணெயிற் கத்தி போவது போல் நகரும் குமிழ். விலையும் கைக்கு எட்டியது. நமது சுவருக்குப் பொருந்தும் பிளக்கையும் கடைக்காரர் பூட்டி வைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினேன். "பட்" என்ற ஓசையும் வெண்புகையும் வந்தன, சங்கீதம் வரவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோற்று. நமது நாட்டிலோ 230. பிளக்கை மாற்றலாம், உள்ளேயுள்ள நிலைமாற்றியை மாற்றினார்களா? பின்புறத்தில் 100 என்று தெளிவாக எழுதித்தான் இருந்தது. பௌதிக ஆசிரியன் வாசித்தானில்லை! என் மனைவி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதே எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை.

இதனால் பழைய ஜப்பானியக் கருவிகளை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. 230 வோற்றை நூறாக இறக்கும் நிலைமாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்கினால் அவற்றுட் பல இன்றும் அருமையாக உழைக்கும். ஆனால் அந்த விலையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்தேக்கிகள் முப்பது நாற்பது ஆண்டு வயதானவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேறொரு வழி, கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப் பாகங்களை வாங்கி, தெரிந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு பூட்டுவித்துக்கொள்வது. கை சுத்தமான திருத்துநர் அமைந்தால் இதைப் போன்ற வழி வேறில்லை. பழுதானாலும் அவரிடமே போகலாம். அமையாவிட்டால் உறுமலையும் சேர்த்து வாங்கியவர் ஆவீர்கள்.

மூன்றாவது வழியே இன்று ஏழைக்கு ஏற்றது என்பது என் துணிபு. "டி வகுப்பு" என்று சொல்லப்படும் சிறிய அம்பிளிபயர்கள் இப்போது உள்ளங்கையளவிற் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது ஒரே ஒரு சில்லு. அது மின்னை அதிவேகமாக முடுக்கியும் நிறுத்தியும் ஒலியை உண்டாக்குவதால், வாங்கும் வலுவில் தொண்ணூறு வீதம் வரையில் ஒலிபெருக்கிக்கே கொடுக்கிறது. பழைய முறையில் ஏறத்தாழப் பாதி சூடாகவே வீணாகும். இதற்கு 19 வோற்று வழங்கும் பழைய மடிக்கணினி மின்னேற்றி ஒன்றே போதும். எட்டு ஓம் ஒலிபெருக்கியிற் பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது வாற்று வந்துவிடும். வில்லியம்சனின் பதினைந்தைக் கடந்தாயிற்று. எட்வர்ட்சனின் இருபதையும் எட்டியாயிற்று. அவர்களுடைய கருவிகளைத் தூக்க இரு கைகள் வேண்டும். இதைச் சட்டைப் பையிற் போடலாம்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்கள் அவை. அப்போது என் வீட்டில் இத்தகைய சிறு கருவியொன்றைப் பன்னிரண்டு வோற்று வாகன மின்கலத்திற் பூட்டினேன். பன்னிரண்டு வோற்றில் எட்டு அல்லது ஒன்பது வாற்றே வரும். வீதியெங்கும் இருள்; காற்றாடி ஓடவில்லை; குளிரூட்டி உறுமவில்லை. அந்த அமைதியில் ஒன்பது வாற்றில் ஒன்றைக்கூட நான் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. என் வாழ்நாளில் மிக நன்றாகப் பாட்டுக் கேட்டது அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களிலே என்று சொன்னாற் சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மை அதுதான்.

"விலை குறைந்த கருவிக்கும் விலை கூடிய கருவிக்கும் வேறுபாடே இல்லையா?" என்று இரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 1987இல் அமெரிக்காவின் "ஸ்டீரியோ றிவியூ" சஞ்சிகை ஒரு சோதனை நடத்தியது. 220 டொலர்க் கருவி முதற் பன்னீராயிரம் டொலர்க் கருவி வரை சிலவற்றை ஒலிக்கவிட்டு, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல், கேட்போரைக் கேட்டார்கள். ஊகித்துச் சொன்னால் எவ்வளவு சரியாகுமோ அவ்வளவே சரியாயிற்று. அளவுக்கு மீறி முடுக்காதவரை ஒழுங்கான அம்பிளிபயர்கள் யாவும் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பது இதிலிருந்து சிலர் பெறும் முடிவு. நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. மலிவான கருவிகளின் குமிழைத் தாழ்வாக வைத்தால் ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் கேளாது; பாட்டில்லாத வேளையிற் சிலவற்றில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் வரும். இவற்றை என் கிழட்டுக் காதே கேட்கிறது. ஆயின் இவை பத்து நிமிடத்தில் கடையிலேயே சோதித்துக்கொள்ளக்கூடிய குறைகள். இவற்றுக்காக இலட்சம் ரூபா கொடுக்க வேண்டியதில்லை. இன்னவகைக் கம்பியைப் பூட்டினால் வீணையின் நாதம் மலரும் என்று சொல்பவர்களிடம் மாத்திரம் வாதாடாதீர்கள். அது பக்தி.

ஆகவே நான் அவரிடம் சொன்னது இது: ஐம்பதினாயிரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அம்பிளிபயருக்குக் கொடாதீர், மிகுதியை ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குக் கொடும். கேட்கப்போவது அவற்றைத்தான். அம்பிளிபயர்களிடையே உள்ள வேறுபாடு மயிரிழை. பெட்டிகளிடையே உள்ளதோ கையகலம். பாவித்த நல்ல பெட்டிகளையே பாரும். ஆனால் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை.

உப்பளம் இருக்கும் கரை நமது கரை. சன்னற் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கொழும்பிற் பத்தாண்டு உழைக்கிற கருவி இங்கே நாலாம் ஆண்டிற் கரகரக்கத் தொடங்கும். ஒலிபெருக்கிக் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு பஞ்சு போன்ற நுரைப்பொருளாய் இருந்தால் இந்த ஈரத்தில் அது சில ஆண்டுகளிற் பொடிந்து உதிர்ந்துவிடும். இறப்பர் விளிம்புள்ளதை விரலால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே காற்றாடி சுழலும் அம்பிளிபயர் இங்கே ஆகாது. அது கடற்காற்றைத் தானே உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்ளும். பின்புறத் துளைகள் தங்கமுலாம் பூசியவையாக இருப்பது மற்ற ஊர்களில் அலங்காரம், நமக்கு அவசியம். தங்கம் ஒன்றுதான் உப்புக்கு அஞ்சாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வாங்கியதை நாள்தோறும் சிறிது நேரமாவது பாட விடுவது. கருவியின் இளஞ்சூடு ஈரத்தை ஓட்டிவிடும். துணியால் மூடி வைத்துத் திருவிழாவுக்குத் திறப்பவனுடைய கருவியே முதலிற் சாகும்.

"இப்ப எல்லாரும் புளூடூத் பெட்டி ஒண்டோட முடிக்கினம், சேர்" என்றார் அவர். முடிக்கட்டும், தடையில்லை. ஒற்றைப் பெட்டியிலும் மனிதக் குரல் நன்றாக வரக்கூடும். ஆனால் அந்தப் பெட்டியின் மின்கலம் மூன்று நாலு ஆண்டிற் செத்தால், மாற்றுவதற்குத் திறக்கவே விடாமல் ஒட்டி வைத்திருப்பார்கள். முழுப்பெட்டியும் குப்பைக்குப் போகும். அம்பிளிபயரும் ஒலிபெருக்கியும் தனித்தனியாக இருந்தால், ஒன்று பழுதானால் ஒன்றையே மாற்றலாம். மாதச் சம்பளக்காரனுக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

அவர் இரு கிழமைகள் அலைந்தார். சிறிய அம்பிளிபயர் ஒன்று புதிதாகவும், இறப்பர் விளிம்புள்ள பெட்டிகள் இரண்டு பாவித்தனவாகவும் கிடைத்தன. ஐம்பதினாயிரத்திற் சிறிது மிஞ்சியும் இருந்தது. அவர் வீட்டில், தரையிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இரண்டு கதிரைகளில் வைத்தோம். சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்தோம். அதற்குச் செலவில்லை, ஆனால் "தும் தும்" என்ற அடைப்பு நீங்கியது அதனாலேயே. குமிழைக் காற்பங்குகூடத் திருப்பவில்லை.

கசற்றுக்கே உரிய சீறல் முதலில் வந்தது. பிறகு சல்லரி. பிறகு மத்தளம்; அதன் கனத்த பக்கம் வயிற்றில் வந்து தொட்டது. கிழவர் பாடத் தொடங்கினார். தாயார் குசினிக்குள்ளிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். இரண்டாம் அடியில் பாட்டு நின்றது. "மெல்லப் போடடா, நான் பாடுறது எனக்கே கேக்குதில்லை" என்று யாரையோ பார்த்து ஒரு அதட்டல். கைத்தொலைபேசியில் இந்த அதட்டலை அவர்கள் இருவருமே கேட்டிருக்கவில்லை. மத்தளத்துக்குள் அது புதைந்து கிடந்திருக்கிறது.

"அப்புதான்" என்றார் தாயார். "மத்தளம் அடிக்கிறது திரியாய் ஆள். அவர் இன்னும் இருக்கிறார்."

மறுநாட் காலை, மிஞ்சிய காசிற் கொஞ்சம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, நானும் அவரும் திரியாய்க்குப் பஸ் ஏறினோம்.